ஒரு தோட்டாவுக்கு ஒரு வால்

வெள்ளைக்காரத் துரை அந்தக் கைத்துப்பாக்கியை என் தலையில் கட்டியபோது நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. பதுளை பஜாரில் கடை வைத்திருந்த என் அப்பா, நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்த மகன் மூட்டை தூக்கக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை பழக அனுப்பினார். தோட்டத்துக்கு வந்ததும் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. பல் பிடுங்குவேன், கட்டி கீறுவேன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன். கை நடுங்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு ரொம்பவும் ஆசை.

துப்பாக்கி உள்ளங்கைக்குள் அடங்கும். சீமையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் துரத்திவரும் நாயைச் சுட அப்படி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்களாம். எங்கள் துரை சைக்கிளும் அதுவுமாக வந்து இறங்கினார். எங்கள் ரோட்டில் மாட்டு வண்டியே ஏற முடியாமல் நுரை தள்ளும். சைக்கிள் ஒரே மாதத்தில் சாமான் அறைக்குப் போய்விட்டது. துப்பாக்கி மேசை இழுப்பறையில் கிடந்தது.

அது இழுப்பறையை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் லுணுகலையில் செத்துப்போன ஒரு வண்டிக்காரர். வெறிநாய் கடித்து ஐம்பது நாள் நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு காலையில் தேத்தண்ணியைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்க முடியாமல் அலறியிருக்கிறார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு செம்புத் தண்ணீரைக் கண்டு நாற்பது வயது ஆம்பிளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கினார். நான் கொண்டுபோன மருந்துப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் சேதி வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த நாய் குரைத்தாலும் கையில் தடி எடுத்துக்கொள்வேன்.

துரைக்கும் பயம் வந்திருக்க வேண்டும். லயத்தில் வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் கழுத்தில் தகரத் துண்டு கட்டியிருக்க வேண்டும், மற்றதைச் சுட்டுவிடலாம் என்று உத்தரவு போட்டார். அவர் வாரத்தில் பாதி நாள் பதுளையில் இருப்பார். தன் பெரிய வேட்டைத் துப்பாக்கியை எங்கள் கையில் கொடுக்க மாட்டார். அதனால் இழுப்பறையிலிருந்த சின்னதை எடுத்து என்னிடம் நீட்டினார். கூடவே ஆறு தோட்டாக்கள்.

அதோடு ஒரு சட்டமும் வைத்தார். ஒரு தோட்டா செலவானால் ஒரு நாயின் வாலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தோட்டாவை நாங்கள் காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் செலவழித்துவிடுவோமாம். நான் மருந்துக்காரன், முயல் பிடிக்கிறவன் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தோட்டாக்களை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

எப்படிச் சுடுவது என்று காட்ட, பங்களாத் தோட்டத்தில் ஒரு பால் டின்னை வைத்துத் துரையே தன் தோட்டாக்களில் இரண்டைச் சுட்டார். ஒன்று பட்டது, ஒன்று படவில்லை. சுட்டு எறிந்த வெற்றுக் குப்பி ஒன்றைப் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்ற அதிசயத்தில்தான். பிற்பாடு அந்தக் குப்பியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அப்போது தெரியாது.

“இழுக்கணும், டாக்டர். கடைசி வரைக்கும் இழுக்கணும்,” என்று இங்கிலீஷில் சொன்னார் துரை.

வீட்டுக்கு வந்து தோட்டா போடாமல் இழுத்துப் பார்த்தேன். இழுக்க முடியவில்லை. பெரிய துப்பாக்கிகளில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொள்ளலாம், அப்புறம் விசையை லேசாகத் தொட்டாலே போதும் என்பார்கள். இதில் சுத்தியல் வெளியே தெரியாது. பையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். உருளையைச் சுற்றுவது, சுத்தியலைப் பின்னுக்குக் கொண்டுபோவது, பிறகு விழ வைப்பது, எல்லா வேலையும் விரல் வைக்கிற அந்த ஒற்றை விசையின் தலையில். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற பலம் வேண்டியிருந்தது. பல்லையாவது முழுக் கையால் பிடுங்கலாம். இதை ஒரே விரலால் இழுத்தாக வேண்டும். பாதி இழுப்பில் விரல் நடுங்கும், முக்கால் இழுப்பில் குழாயின் வாய் தரையைப் பார்க்கும், சுத்தியல் விழும்போது குழாய் எங்கே பார்க்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் மானம் போயிற்று. சொறி பிடித்துச் சாகக் கிடந்த ஒரு நாயை அதன் சொந்தக்காரனே கொய்யா மரத்தில் கட்டிவைத்து என்னைக் கூப்பிட்டான். லயமே வந்து சுற்றி நின்றது. நான் குறி பார்த்து இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். குழாய் கீழே இறங்கியது. குண்டு என் காலுக்கு இரண்டு அடி தள்ளிச் சேற்றில் புதைந்தது. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, சாகக் கிடந்த நாய்!

“டாக்டரய்யா, அதுக்கும் மருந்தே குடுத்திருக்கலாம். அதுலயே போயிருக்கும்,” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. மறுநாள் துரை வேறு, என்னோடு எப்போதும் இங்கிலீஷ் பேசுகிறவர், கூலிக்காரர்களைத் திட்டும் தோட்டத் தமிழுக்கு இறங்கினார். “தோட்டா போச்சி. வால் எங்கே?” என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். மிச்சம் ஐந்து தோட்டாக்கள். அவர் முன்னால் நிற்காமல் நேரே ஃபேக்டரிக்குப் போனேன்.

ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட சிங்கள மேஸ்திரியைப் பாஸ் என்போம், கைவேலையில் கெட்டிக்காரர். உடைந்த கடிகாரத்தையும் ஓட வைப்பார். துப்பாக்கியைக் கழற்றி, உள்ளே இருந்த பட்டை ஸ்பிரிங்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐயா என்பதற்கு அவர் மாத்தயா என்பார்.

“இதுதான் மாத்தயா, இவ்வளவு தடிப்பு. இந்தச் சின்னச் சாமானுக்கு ஏன் இவ்வளவு? அரத்தால கொஞ்சம் அராவினா பூ மாதிரி ஆகும்.”

அராவினார். இழுத்துப் பார்த்தேன். மருந்துப் புட்டியின் தக்கையைத் திறப்பதுபோல் விசை சுகமாக வந்தது. குழாய் அசையவில்லை, என் விரலும் நடுங்கவில்லை. பாஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

“ஒண்ணு சுட்டுப் பாருங்க மாத்தயா,” என்றார் அவர். “கை வச்ச சாமானை ஓட்டிப் பாக்காம அனுப்ப மாட்டேன் நான்.”

“சுடலாம் பாஸ். வாலுக்கு நான் எங்கே போவேன்?”

அவருக்கும் சட்டம் தெரியும். சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு பதினைந்து நாள் மழை. ஒரு காலை, பத்து மணி இருக்கும், மருந்தறையில் கண் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கும் இடத்திலிருந்து குழந்தைக்குப் பால் கொடுக்க இறங்கி வந்த ஒருத்தி, மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்குச் சாக்கு நழுவ ஓடிவந்தாள்.

“டாக்டரய்யா, புள்ளக்காம்பராவுல நாய் பூந்திருச்சு! வாயெல்லாம் எச்சி ஒழுகுதுங்க!”

பிள்ளைக்காம்பரா என்பது மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் நீண்ட தகர அறை. தவழும் பிள்ளை வெளியே வராமலிருக்க வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். நாய் அதைத் தாண்டி உள்ளே குதித்திருந்தது. நான் துப்பாக்கியோடு போய்ப் பலகைக்கு இப்பால் நின்றேன். கைக்குழந்தைகள் உத்தரத்தில் கட்டிய துணித் தொட்டில்களில் தொங்கின. மற்ற ஏழெட்டுப் பிள்ளைகளை மூலையில் ஒதுக்கிவிட்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா முன்னால் நின்றிருந்தாள். புருஷனை இழந்தவள், முப்பது முப்பத்தைந்து வயதுக்காரி. மூலையில் இருந்ததில் ஒன்று அவள் பெற்ற மகள். அவள் கையில் தோளிலிருந்து எடுத்த கம்பளி இருந்தது. நடுவில் நாய் தலை தொங்க நின்று, உட்காரும் வாங்கின் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. தாடை தொங்கி நூல் நூலாக எச்சில் விழுந்தது. இப்படி ஒன்றுதான் வண்டிக்காரரைக் கடித்திருக்கும் என்று ஏனோ நினைத்தேன்.

நாய்க்குப் பின்னால் வெறும் சுவர். இதைவிட நல்ல குறி கிடைக்காது. எனக்கும் நாய்க்கும் நாலு முழம். விசையை இழுத்தேன். பூ மாதிரி வந்தது. ‘டிக்.’

சத்தம் கேட்டு நாய் என் பக்கம் திரும்பியது. மறுபடி இழுத்தேன். டிக். மறுபடி. ஐந்து தோட்டாவும் அப்படியே ஏமாற்றின. நான் நிறுத்தவில்லை. முட்டாள்போல் உருளையை இரண்டாம் சுற்றும் சுற்றவிட்டேன். அதற்குள் மூலையிலிருந்து ஒரு பிள்ளை, என்ன விளையாட்டு என்று பார்க்கவோ என்னவோ, ஆயாவின் காலைத் தாண்டித் தவழ்ந்து வந்தது. நாய் அதன் பக்கம் போயிற்று.

ஆயா கம்பளியை நாயின் மேல் வீசி, தானும் அதன் மேல் விழுந்தாள். கம்பளிக்குள் அது துள்ளியது. “சுடுங்க டாக்டரய்யா! சுடுங்க!” என்று கத்தினாள். நான் சுட்டுக்கொண்டேதான் இருந்தேன். பிறகு துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே பலகையைத் தாண்டிக் குதித்து, நாயின் கழுத்து எது என்று குத்துமதிப்பாகப் பார்த்துப் பூட்ஸ் காலால் மிதித்தேன். ஃபேக்டரியிலிருந்து ஆட்களும் பாஸும் கடப்பாரையோடு வந்து அதை அடித்துக் கொன்றார்கள்.

பிள்ளைகள் ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆயா எழுந்து நின்று, வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே, இரண்டு சின்னப் பொட்டுகள். அவ்வளவுதான், ஊசி குத்திய அளவு. கம்பளி தடுத்திருக்கலாம். எச்சில் கம்பளியோடு நின்றிருக்கலாம். நின்றிருக்கலாம் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஆறு மாதமும் நான் உயிரோடு இருந்தேன்.

மருந்தறைக்கு ஓடித் திராவகப் புட்டியையும் கண்ணாடிக் குச்சியையும் எடுத்துவந்தேன். அந்தக் காலத்தில் நாய்க்கடிக்கு எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. காயத்துக்குள் குச்சியின் முனையை விட்டு, அடி வரைக்கும் சுட்டெரிக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் நரம்பு போய்விடும், கொஞ்சம் குறைத்தால் விஷம் தங்கிவிடும். ஆயா கம்பளியின் எச்சில் படாத முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. என் கையும் நடுங்கவில்லை. அதில் எனக்கு ஒரு அற்பப் பெருமைகூட இருந்தது.

மாலையில் லயம் முழுவதும் ஒரே பேச்சு. டாக்டரய்யா மலை மாதிரி நின்னாருங்க, கை ஆடவே இல்லை, மழையில தோட்டாதான் நமுத்துப் போச்சு. கொய்யா மரத்தடியில் சிரித்த அதே வாய்கள் இப்போது என்னைத் தூக்கி வைத்துப் பேசின. தோட்டா நனைந்திருக்கும் என்று நானும்தான் நம்ப ஆசைப்பட்டேன். வீட்டில் மேசையில் உட்கார்ந்து ஐந்தையும் வரிசையாக வைத்தேன். துரை சுட்ட அன்றைக்குப் பொறுக்கிய வெற்றுக் குப்பியையும் பக்கத்தில் வைத்தேன்.

இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருப்பதில்லை, விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. பித்தளை விளிம்பைச் சுத்தியல் நசுக்கினால்தான் அது பற்றும். துரை சுட்ட குப்பியின் விளிம்பு உளியால் வெட்டியதுபோல் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. என்னுடைய ஐந்திலும் நகத்தால் கீறியது போன்ற தழும்பு, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. அந்தச் சின்னச் சாமானுக்கு ஏன் அவ்வளவு தடித்த ஸ்பிரிங் என்று பாஸ் கேட்டதற்குப் பதில் என் முன்னால் கிடந்தது. என் விரலுக்கு வலித்த அந்தப் பலமெல்லாம் பித்தளையை நசுக்குவதற்காக வைத்தது. எனக்கு வலிக்காமல் இருக்க அதைத்தான் நான் அராவச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துத் துரை வந்தார். தோட்டாக்களை ஒரு பார்வை பார்த்து, “ஈரம்,” என்று குப்பைக் கூடையில் போட்டார். புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். துப்பாக்கியை அவர் கையில் வாங்கி ஒரு முறை விசையை இழுத்திருந்தால் எல்லாம் வெளிப்பட்டிருக்கும். வாங்குவாரோ என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை.

நாய்க்கடிக்கு ஊசி போடுகிற இடம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது, ஆயாவை அனுப்பலாமா என்று கேட்டேன். ரயில் அப்போது பண்டாரவளை வரைக்கும்தான். அதற்கப்பால் கொழும்பு, கப்பல், அப்புறம் தெரியாத ஊர்.

“திராவகம் வைத்தாயா?”

“வைத்தேன்.”

“அப்புறம் என்ன?”

அத்தோடு முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய குதிரைக்குக் காலில் வீக்கம் என்றால் பதுளையிலிருந்து வைத்தியர் வருவார். ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இருந்ததா? தோட்டாவில் ஈரமில்லை ஐயா, குற்றம் என்னுடையது, அந்தப் பொம்பிளையை எப்படியாவது அனுப்புங்கள் என்று காலைப் பிடித்துக் கேட்டிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பார். வேலை போகும், பெயர் போகும். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் என்னை நல்லவனாகக் காட்ட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வேலையைத் தொடங்கினேன். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியதும் ஆயா பிள்ளைக்காம்பராவைத் திறப்பாள். பிள்ளைகளுக்குக் கண் வலி இருக்கிறதா பார்க்க வந்தேன் என்று நானும் போய்விடுவேன். இரண்டு பிள்ளைகளின் இமையைத் தூக்கிப் பார்ப்பேன். அப்புறம், “ஆயா, தண்ணி குடி,” என்பேன்.

அவள் செம்பை எடுத்துக் குடிப்பாள். நான் அவள் தொண்டையைப் பார்ப்பேன். அது ஏறி இறங்கினால் எனக்கு மூச்சு வரும். தலையை ஆட்டிவிட்டு மருந்தறைக்குப் போவேன். அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கும். மறுநாள் விடியும் முன்பே எழுந்து பெரட்டு முடியக் காத்திருப்பேன். ஐம்பதாவது நாள் வந்தது, வண்டிக்காரரின் கணக்கு. அன்றைக்கு இருட்டு பிரியும் முன்பே போய் வாசலில் நின்றேன். குடித்தாள். புத்தகத்தைப் பார்த்தேன், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம் என்று போட்டிருந்தது. புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன்.

இதற்கிடையில் என்னிடம் சுடாத துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்பதும், லயம் அதை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பாஸ் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டிருந்தார். கேட்காமலே மரம் அறுக்கும் வாள் துண்டு ஒன்றிலிருந்து புது ஸ்பிரிங் அடித்துப் பூட்டிக்கொண்டு வந்தார். பழையதைவிடக் கடினம். இந்த முறை சுட்டுப் பார்க்க எனக்கு வாலும் இருந்தது. கடப்பாரையால் செத்த அந்த நாயின் வால்தான். தோட்டா செலவாகாமல் கிடைத்த வால் என்று அதை உப்புப் போட்டு ஒரு டின்னில் மூடி வைத்திருந்தேன். ஆற்றங்கரை மண்மேட்டில் இரண்டு கை விரலும் வைத்து இழுத்தேன். வெடித்தது. விரல் இரண்டு நாள் வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, செம்பை வாய் வரை கொண்டுபோன ஆயா அதை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

“இன்னிக்கு வேணாங்க.”

“ஏன்?”

“தொண்ட புடிச்சிருக்குங்க. முழுங்க முடியல.”

வாங்கில் உட்கார்ந்தேன். விளக்கைக் கொண்டுவந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சிவந்திருந்தது, வீங்கியிருந்தது, சாதாரணத் தொண்டை வலிக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்தறையைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் பிள்ளைக்காம்பராவிலேயே உட்கார்ந்திருந்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிக்க வைத்தேன். மணிக்கு ஒரு தரம் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தேன். அவள் இருமி இருமி விழுங்கினாள். அவளுடைய மகள் என் மடியில் ஏறி என் சட்டைப்பைக் கடிகாரச் சங்கிலியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இவளை யாரிடம் விடுவார்கள் என்று நான் நினைத்தேன். மறுநாள் தொண்டை திறந்துவிட்டது. மூன்று மடக்குக் குடித்தாள். ஃபேக்டரிக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் அழுதேன்.

ஆறு மாதம் முடிந்தது. கையில் இரண்டு வெள்ளைத் தழும்பு தவிர அவளுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்குக் காலை அவள் குடித்து முடித்ததும் நான் வழக்கம்போல் தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. சொன்னேன். தோட்டா நனையவில்லை, என் விரல் வலிக்கிறதென்று ஸ்பிரிங்கை அராவச் சொன்னேன், சுட்டுப் பார்க்கவும் இல்லை, அதனால்தான் உன்னை நாய் கடித்தது என்று, தரையைப் பார்த்தபடியே ஒப்பித்தேன்.

அவள் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியுங்க.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கே தெரியுங்க. நீங்க மருந்து எடுக்க ஓடுனீங்கல்ல, அப்பவே பாஸ் தலையில அடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் எங்கிட்ட மெதுவா சொல்லிட்டாரு. வேற யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நாந்தான் அவருகிட்டக் கேட்டுக்கிட்டேன்.”

“தெரிஞ்சுமா என்கிட்ட கையை நீட்டினே?”

“வேற யாருகிட்டங்க நீட்டுறது? அப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும். நெருப்பு மாதிரி மருந்து. நடுங்குற கையால அத வாங்கிக்க முடியுமா?”

“அதுக்கப்புறமாவது கேட்டிருக்கலாமே ஆயா. இவ்வளவு மாசம். திட்டியிருக்கலாமே,” என்றேன்.

“திட்டுனேங்க. மனசுக்குள்ள. நான் போயிட்டா எம் மகள யாரு பாப்பான்னு நெனச்சு நெனச்சு, உங்கள திட்டாத நாளு இல்ல.” தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துத் துணியைச் சரிசெய்தாள். “ஆனா காலையில நீங்க வந்து நான் குடிக்கிறதப் பாப்பீங்க. பாத்துட்டுத் தலைய ஆட்டுவீங்க. செம்பக் கையில எடுக்கிறப்ப எனக்கு அப்புடிக் கை நடுங்குங்க. நீங்க தலைய ஆட்டுனாத்தான் இன்னிக்குச் சாக மாட்டேன்னு தைரியம் வரும். கேட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு வராம போயிருவீங்களோன்னு பயந்துதான் கேக்கலிங்க.”

அவள் தொண்டையைப் பார்த்த அத்தனை நாளில் ஒரு நாளாவது அவள் கையைப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

போக எழுந்தேன். பலகையைத் தாண்டும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

“ஆறு மாசம்தான் முடிஞ்சு போச்சே. நாளைக்கு வருவீங்களா?”

“வர்றேன்.”

அந்தத் தோட்டத்தில் இருந்த மிச்ச நாலு வருஷமும் தினமும் போனேன். அவள் குடித்தாள். நான் தலையாட்டினேன்.